கத்தரிப்பூ நிறத்தில் ஒரு படை

விரல் நீளம்கூட இல்லாத போர்வீரர்களுக்கு வண்ணம் தீட்டுவது என் தொழில். உள்ளங்காலில் இருந்து கண் மட்டம் வரை 28 மில்லிமீட்டர். பெரும்பாலும் இந்த அளவில்தான் வரும். வெள்ளீயக் கலவையில் வார்த்தவை, பிளாஸ்டிக்கில் அச்சடித்தவை, இப்போதெல்லாம் ரெசினில் முப்பரிமாண அச்சில் எடுத்தவை. மேசைமேல் போர் நடத்தி விளையாடுகிறவர்கள் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் எப்போதாவது சிங்கப்பூரிலிருந்தும் பெட்டி கட்டி அனுப்புவார்கள். வரும்போது எல்லாம் ஒரே சாம்பல் நிறம். திரும்பிப் போகும்போது அது ஒரு படையாக இருக்க வேண்டும்.

தூரிகை பிடிப்பது பழகினால் யாருக்கும் வந்துவிடும். என்ன நிறம் என்று முடிவு செய்வதில்தான் உயிர் போகும். ஒரே ஒரு சிப்பாயை எப்படி வேண்டுமானாலும் தீட்டலாம். கையில் எடுத்துக் கண்ணருகே வைத்துத்தான் பார்க்கப் போகிறார்கள். நூறு பேரை நிறுத்தினால் கதை மாறிவிடுகிறது. விளையாடுகிறவர் நின்றுகொண்டு மூன்றடி தள்ளிக் குனிந்து பார்க்கிறார். அந்தத் தூரத்தில் பொத்தானும் தெரியாது, கண்விழியும் தெரியாது. எது யாருடைய படை, எந்தப் பட்டாளம் எங்கே நிற்கிறது என்பது ஒரு பார்வையில் பிடிபட வேண்டும். அதற்குத்தான் நிறம்.

இந்த விளையாட்டை வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று சிலர் ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். பிரஷ்ய ராணுவம் 1824-ல் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாக மேசைப் போரை ஏற்றுக்கொண்டது உண்மை. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாட விதிகள் எழுதிப் புத்தகமே போட்டார். 1983-ல் வந்த வார்ஹாமர் உலகம் முழுக்க இதை ஒரு பெரும் வியாபாரமாக்கியது. ஆனால் யானை, தேர், குதிரை, காலாள் என்று நான்கு அங்கமாகப் படையைப் பலகையில் நிறுத்தியவர்கள் நம்மவர்கள். நான்கு பேர் ஆடும் பழைய சதுரங்கத்தில் காய்களுக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறம். ஒன்றோடொன்று குழம்பாத நான்கு. அந்தத் தேர்வைச் செய்தவர் யாரோ, அவர் என் தொழிலின் மூத்தவர் என்றே நினைக்கிறேன்.

நான் இருப்பது நடுவட்டத்தில். ஊட்டியிலிருந்து பைக்காராவைத் தாண்டிக் கூடலூருக்கு இறங்கும் சாலையில், ஆறாயிரம் அடிக்கு மேலே. 1860-களில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த சின்கோனா விதைகளை மெக்ஐவர் என்ற தோட்டக் கண்காணிப்பாளர் இங்கே வளர்த்தார். காட்டைத் திருத்தச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களை அடைத்த சிறை இன்றும் நிற்கிறது. பட்டையிலிருந்து கொயினா எடுக்க ஆலையும் இருந்தது. சின்கோனா போன பிறகு தேயிலை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக வளர்ந்த டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில்தான் என் அம்மா கொழுந்து பறித்தார்.

அம்மாவிடமிருந்தே இந்தத் தொழிலின் முதல் பாடத்தைக் கற்றேன், அவருக்கு அது தெரியாது. எங்கள் ஊர் மலையின் மேற்கு முகம். தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பனிமூட்டம் ஏறினால் பத்தடி தூரத்துச் செடி தெரியாது. அந்த மூட்டத்தில் யார் எந்த நிரையில் நிற்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன்.

“மூஞ்சி எங்க தெரியும்? சீல கலரும் தெரியாது. முன்னுக்கு வெள்ளப் படங்கு கட்டியிருக்கிறவ ஒருத்தி, கறுப்பு ரப்பர் போத்தியிருக்கிறவ ஒருத்தி. வெளுப்பு எது, கறுப்பு எதுன்னு பார்த்து வச்சுக்குவோம், அவ்வளவுதான்” என்றார்.

மறுநாள் காலையில் தோட்டத்து ஓரமாக நின்று பார்த்தேன். மூட்டம் கூடக் கூட முதலில் போவது நிறம். சிவப்பு முக்காடும் பச்சை முக்காடும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன. அதற்குப் பிறகும் நெடுநேரம் நிற்பது வெளிர், அடர் என்ற வித்தியாசம். வெள்ளைப் படங்கு கடைசிவரை தெரிகிறது. தூரம் கண்ணுக்குச் செய்வதும் இதையேதான், அளவுதான் குறைவு. அதனால் படைக்கு நிறம் யோசிக்கும்போது என்ன நிறம் என்று நான் முதலில் கேட்பதில்லை. எவ்வளவு அடர் என்று கேட்கிறேன். ஒரு உருவத்தில் உடம்பு அடர்ந்திருந்தால் தலையோ காலோ வெளுத்திருக்க வேண்டும். எதிர்ப்படையில் அந்தக் கணக்கு தலைகீழாக இருந்தால் இன்னும் நல்லது. மாதிரிக்கு ஒன்று தீட்டி, போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்ப்பேன். அதில் தொப்பியும் சட்டையும் ஒட்டிப்போய்த் தெரிந்தால், எவ்வளவு அழகான நிறமானாலும் அந்தத் திட்டம் மேசையில் நிற்காது.

இதை நான் முழுசாகச் சோதித்துப் பார்த்தது திப்புவின் படையில்.

பெங்களூரிலிருந்து ஒருவர் புள்ளலூர்ப் போரை மேசையில் கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை மைசூரின் ஹைதரும் திப்புவும் சூழ்ந்து அழித்த போர். பெய்லி பிடிபட்டு, ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே 1782-ல் இறந்தார். “திப்பு ஆளுங்க எல்லாருக்கும் புலிக்கோடு போட்ட சட்டை சார், அதுதான் வேணும்” என்றார் அவர்.

புலிச்சட்டைக்குச் சாட்சி இருக்கிறது. கும்பினியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் படையோடு வந்த மேஜர் டைரோம் என்ற அதிகாரி, 1792-ல் முடிந்த போரைப் பற்றி மறு ஆண்டே லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். திப்புவின் ஒழுங்குபடுத்தப்பட்ட காலாட்படையின் உடையை அதில் துல்லியமாகச் சொல்கிறார்: ஊதா நிறக் கம்பளித் துணி, அதன்மேல் வைர வடிவில் வெள்ளைப் புள்ளிகள், தலையில் சிவப்பு மஸ்லின் தலைப்பாகை, இடுப்பில் அதே சிவப்பில் கச்சை, காலில் செருப்பைத் தவிர ஒன்றும் இல்லை, தோல் சாமான்கள் பெரும்பாலும் கறுப்பு. பீரங்கிப்படை அதிகாரியான சார்லஸ் கோல்ட் தான் 1791 முதல் 1798 வரை இங்கே வரைந்தவற்றை 1806-ல் நூலாக்கினார். அதிலும் திப்புவின் சிப்பாய் ஒருவன் நிற்கிறான்.

ஆனால் இவையெல்லாம் 1790-களின் சாட்சி. 1780-ல் ஆட்சி திப்புவின் தந்தை ஹைதருடையது. பன்னிரண்டு வருடம் கழித்துக் கண்ட சட்டையை அவன் ஆட்களுக்கு மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. விளையாட்டுதானே என்று கேட்கலாம். நான் அப்படி நினைப்பதில்லை. அந்த வயல்களில் செத்தவர்கள் இரண்டு பக்கத்திலும் நம் ஊர்க்காரர்கள். அவர்களுக்கு இன்று கிடைக்கும் உருவம் 28 மில்லிமீட்டர்தான். அதையாவது சரியாகக் கொடுக்க வேண்டும். “ஐயா, புலிச்சட்டை வேண்டுமென்றால் போரை மாற்றுங்கள், புள்ளலூர்தான் வேண்டுமென்றால் சட்டையை விடுங்கள்” என்றேன். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். போர் 1792 பிப்ரவரி 6-ஆம் தேதி இரவுக்கு மாறியது: ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே திப்புவின் பாசறைமீது காரன்வாலிஸ் இரவில் பாய்ந்த தாக்குதல்.

எனக்கு இது அந்நிய விஷயமாக இல்லை. நீலகிரியே 1799 வரை மைசூரின் ஆட்சியில் இருந்த மலை. குன்னூர் பக்கம் வெலிங்டன் என்று சொல்கிறோமே, அதன் பழைய பெயர் ஜக்கதளா. ராணுவக் குடியிருப்பு வந்தபின் வெலிங்டன் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்தான் 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்த கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. 1758-ல் தொடங்கியதாகத் தன் வரலாற்றைச் சொல்லும் மதராஸ் ரெஜிமெண்டின் மையம் இன்று அங்கேதான் இருக்கிறது. சின்னத்தில் இருக்கும் யானை 1803-ல் அசாயேயில் வெல்லெஸ்லியின்கீழ் போரிட்டதன் நினைவு. ஒரு படையின் வாரிசு மலையில், இன்னொரு படையின் தலைநகர் கீழே மைசூர்ப் பக்கம்.

வேலை தொடங்கும்முன் ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். கூடலூர் இறங்கி, தொரப்பள்ளி, தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டல்பேட்டை, நஞ்சன்கூடு. இரவு ஒன்பதுக்கு மேல் பந்திப்பூர்ச் சாலையை மூடிவிடுவார்கள் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். திப்பு 1784-ல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போர் முழுக்கத் தீட்டப்பட்டிருக்கிறது. பல்லக்கில் காயத்தோடு பெய்லி, அவரைச் சுற்றிச் சதுரமாக நிற்கும் சிவப்புக் கோட்டுகள், வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி, நாலு பக்கமும் மைசூர்க் குதிரைகள். இந்தச் சுவர் பின்னாளில் புதுப்பித்துத் தீட்டப்பட்டது. டல்ஹௌசி காலத்தில் மறுபடி வரைந்தார்கள். அதனால் எந்தச் சட்டை எந்த நிறம் என்பதற்கு இதைச் சாட்சியாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

வேறொன்றை எடுத்துக்கொண்டேன். அந்தச் சுவரில் ஆயிரக்கணக்கான உருவங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, ஆனாலும் யார் யார் என்று ஒரு கணம்கூடக் குழப்பம் வருவதில்லை. ஏன் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வரைந்தவர் ஒரு வரிசையை ஒரே நிறமாக விட்டிருக்கிறார். வரிசைக்குள் ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டவில்லை. மாற்றம் எல்லாம் வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில். இன்று புதிதாகத் தீட்ட வருகிற பிள்ளைகள் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு புதுமை செய்யப் பார்க்கிறார்கள். ஒருவனுக்குப் பச்சைக் கச்சை, அடுத்தவனுக்கு நீலம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அழகு. சேர்த்து வைத்தால் சந்தைக் கூட்டம். அடங்கி நிற்க வேண்டிய இடத்தில் நிறம் அடங்க வேண்டும்.

ஊதாவுக்கு வருகிறேன். டைரோம் சொன்ன ஊதாவை நான் கத்தரிப்பூ நிறமாகப் புரிந்துகொண்டேன். ஜவுளிக்கடையில் அம்மா கேட்கும் நிறம்தான்: நீலம் பக்கமும் சாயாமல், சிவப்பு பக்கமும் முழுக்கப் போகாமல். இந்த நிறத்தோடு மல்லுக்கட்டுவது பெரும்பாடு. குப்பியிலிருந்து வரும் ஊதா கண்ணாடி போல அடியைக் காட்டிவிடும்; கறுப்புப் பூச்சின்மேல் வைத்தால் செத்துப்போகும், வெள்ளையின்மேல் வைத்தால் மிட்டாயாகிவிடும். நடுத்தரச் சாம்பலில் அடிப்பூச்சு கொடுத்து, ஊதாவில் துளி எரித்த அம்பர் பழுப்பைக் கலந்து, மெல்லிசாக இரண்டு தடவை பூச வேண்டும். மேடான மடிப்புகளை வெளுக்க வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகிவிடும். வெங்காயக் கலர் இருக்கிறதே, அந்த மங்கிய இளஞ்சிவப்பை ஒரு சொட்டு சேர்த்தால் கம்பளியில் வெயில் பட்ட மாதிரி இருக்கும்.

அடுத்தது அந்த வெள்ளைப் புள்ளிகள். மார்பின் அகலம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. அதில் நிஜ அளவுக்கு ஏற்பப் புள்ளி வைத்தால் ஒன்றும் தெரியாது, பெரிதாக வைத்தால் கோமாளிச் சட்டை. மார்பில் மூன்று வரிசை, கைக்கு இரண்டு, ஒவ்வொன்றும் சாய்ந்து நீண்ட துளி. தூரிகை நுனியைச் செங்குத்தாக வைத்து, கீழே இழுத்து, தூக்கிவிட வேண்டும். இழுப்பு நின்றால் துளி உருண்டுவிடும். சுத்த வெள்ளை கூடாது, பழைய வேட்டியின் வெள்ளைதான். இங்கேதான் தூரம் ஒரு விளையாட்டு காட்டும். மூன்றடியில் அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஊதாவோடு கலந்து, சட்டை முழுவதையும் வெளுக்கச் செய்துவிடும். அதனால் அடியில் பூசும் ஊதா, கடைசியில் வேண்டுகிற ஊதாவைவிட இரண்டு படி அடர்த்தியாக இருக்க வேண்டும். கையில் வைத்துப் பார்த்தால் கறுத்துத் தெரியும். பதறாமல் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.

உண்மையான சிக்கல் சிவப்பில்தான் இருந்தது. மைசூர்க்காரனுக்குத் தலைப்பாகையும் கச்சையும் சிவப்பு. கும்பினிக்காரனுக்குக் கோட்டே சிவப்பு. வரலாறு இரண்டு பக்கமும் ஒரே நிறத்தைக் கொடுத்திருக்கிறது, மாற்ற நான் யார்? கும்பினிச் சிவப்பின் கதையைப் படித்துப் பார்த்தபோது வழி கிடைத்தது. சாதாரணச் சிப்பாய்களின் கோட்டு மஞ்சிட்டி வேரின் சாயம், செங்கல்லை ஒட்டிய சிவப்பு. கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சுடர் சிவப்பு அதிகாரிகளுக்கு. மஞ்சிட்டிக் கோட்டு தக்காணத்து வெயிலில் சில மாதம் நடந்தால் இன்னும் மங்கும். ஆக, கும்பினியின் சிவப்பு பரந்தது, மங்கியது. மைசூரின் சிவப்பு தலையளவுதான், ஆனால் மஸ்லின். அதைக் குங்குமமாக எரியவிட்டேன். பெரிய பரப்புக்கு மங்கல், சிறிய பரப்புக்குச் சுடர் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது. இங்கே துணிச் சாயமே அதைச் செய்து வைத்திருந்தது.

வெளிர், அடர் கணக்கும் தானாக விழுந்தது. மைசூர் வரிசை அடர்ந்த உடம்பு, கறுப்புத் தோல்வார், வெறுங்கால். கும்பினிச் சிப்பாய்க்கு மார்பில் வெள்ளைக் குறுக்குவார், இடுப்பில் வெள்ளை அரைக்கால்சட்டை. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பக்கம் இருண்ட சுவர், ஒரு பக்கம் வெள்ளைக் கீற்றுகள். இங்கிலாந்துப் பட்டாளங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கக் கோட்டின் கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் போதும்: 52-ஆவதற்குச் சந்தனத்தை ஒட்டிய தோல் நிறம், 72-ஆவதற்கு மஞ்சள், 74-ஆவதற்கு வெள்ளை. இவை அரிசி அளவு இடங்கள். அங்கே சுத்தமான நிறம் வைக்கலாம்.

தோலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல ஆசை. நான் தொழிலுக்கு வந்தபோது கிடைத்த குப்பிகளில் “சதை நிறம்” என்று எழுதியிருந்தது வெள்ளைக்காரன் சதை. நம் நிறம் வேண்டுமென்றால் அதன்மேல் பழுப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். அப்படிச் செய்த முகம் அழுக்குப் பிடித்த வெள்ளை முகமாகத்தான் இருக்கும். நான் எரித்த அம்பரில் தொடங்குவேன். அதில் காவி, துளி மஞ்சள் காவி. மேடுகளுக்கு வெள்ளை சேர்க்காமல் செம்பு கலந்த மஞ்சள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், ஊதா போதும். சட்டையில் இருக்கும் அதே ஊதா என்றால் முகமும் உடையும் ஒரே வெளிச்சத்தில் நிற்கும். மதராஸ் படையில் தெலுங்கர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தார்கள். எல்லா முகத்துக்கும் ஒரே கலவை வைக்க மாட்டேன். கறுப்பு, மாநிறம், சிவந்த மேனி என்று நான்கைந்து கிண்ணம் கலந்து வைத்துக்கொண்டு, வரிசையில் கலைத்துப் போடுவேன். உடையில் ஒற்றுமை, முகத்தில் வித்தியாசம். வரிசைக்குள் நான் அனுமதிக்கும் ஒரே வித்தியாசம் இதுதான்.

காலடி மண்ணைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மேலிருந்து பார்க்கிறவர் கண்ணில் படுவதில் பெரும்பகுதி அந்த அடித்தட்டுதான். நான் அதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுவேன். பிப்ரவரி மாதம், காவிரிக் கரை, அறுத்த வயல். காய்ந்த வைக்கோல் மஞ்சள் வைத்தேன். ஊதாவுக்கு எதிர் நிறம் மஞ்சள். பக்கத்தில் இருந்தால் இரண்டும் கூடுதலாகப் பேசும். பச்சைப் புல் வைத்திருந்தால் கத்தரிப்பூ மங்கிப்போயிருக்கும். வேலி ஓரத்துச் சருகுக்குக் காசு கொடுத்து ஒன்றும் வாங்குவதில்லை. டீ போட்டு இறுத்த தூளை வெயிலில் காயவைத்து, தோசைக்கல்லில் ஈரம் போக வறுத்து, பசை தடவிய இடத்தில் தூவினால் சருகு. வறுக்காவிட்டால் எங்கள் ஊர் ஈரத்தில் பூசணம் பூத்துவிடும்.

ஈரம் என்றதும் ஒரு வார்த்தை. மழை மாதங்களில் ஸ்பிரே பிரைமரும் ஸ்பிரே வார்னிஷும் இங்கே ஆகாது. காற்றில் இருக்கும் நீர் சேர்ந்து, மேலே வெள்ளைப் பொடி படிந்துவிடும். தூரிகையால்தான் பூசுகிறேன். அதேபோல் ஊதாவைக் குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் முடிவு செய்யக் கூடாது, பழுப்பாகத் தெரியும். பகல் வெளிச்ச எல்இடி விளக்கு, முடிந்தால் ஜன்னல்.

பெங்களூர்க்காரர் படையை வாங்கிக்கொண்டு போய் மேசையில் நிறுத்தி ஒரு படம் அனுப்பினார். அறை விளக்கைக் குறைத்து எடுத்திருந்தார், இரவுப் போர் என்பதால். தலைப்பாகைகள் மட்டும் ஒரு சிவப்புக் கோடாக நின்றன, அதற்கு எதிரே வெள்ளை வார்கள். சட்டையின் ஊதா அந்த இருட்டில் ஊதாவாகவே தெரியவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை. 1792-ல் அந்த இரவில் எதிரே நின்றவனும் அப்படித்தான் பார்த்திருப்பான்.

இப்போது மேசையில் இருப்பது வேலூர். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன், கோட்டைக்குள் நடந்தது. இந்த வேலையைக் கேட்டதும் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், உடைக்காகவே வெடித்த கலகம் அது. 1805 நவம்பரில் வந்த உத்தரவு: அணிவகுப்பில் நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒழுங்காக வெட்ட வேண்டும். கூடவே தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை. மறுத்தவர்களுக்கு மே மாதமே கசையடி விழுந்தது. ஜூலையில் சிப்பாய்கள் எழுந்தார்கள், கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற ஆங்கில அதிகாரி குதிரைப்படையோடு வந்து அடக்கினார்.

நிறத்துக்காரனுக்கு இதைவிடக் கஷ்டமான போர் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே கோட்டு. சிப்பாயும் சிவப்பு, அவன் எதிர்த்த 69-ஆவது ஆங்கிலப் பட்டாளமும் சிவப்பு. அடர்த்தியும் ஒன்றே. இங்கே உடையில் பிரிக்கவே முடியாது. பிரிக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன். ஒரே கோட்டுக்குள் இரண்டு பேர் என்பதுதான் அந்த இரவு. மிஞ்சுவது முகமும் தலையும். 69-க்குப் பச்சைக் கழுத்துப்பட்டை உண்டு, ஆனால் மூன்றடியில் அது போதாது.

என்னிடம் வேலை பழகும் தம்பி ஒரு வழி சொன்னான். “அண்ணே, சிப்பாய்க்கெல்லாம் அந்தப் புதுத் தலைப்பாகை வேண்டாம்ணே. வேண்டாம்னுதானே சண்டையே போட்டாங்க. வெறுந்தலையா விடுவோம், சிலபேருக்குத் துண்டு கட்டுவோம்.”

உருவங்கள் எல்லாம் தலைப்பாகையோடு வார்த்து வந்தவை. ஒவ்வொன்றாக அறுத்து, உருவம் பிடிக்கும் பச்சை மாவில் முடியும் துண்டும் செய்ய வேண்டும். கூலிக்குக் கட்டுப்படியாகாது. ஆனாலும் தொடங்கிவிட்டோம். துண்டுக்குச் சாயம் ஏறாத பருத்தி வெள்ளை, அது அடர்ந்த முகத்துக்குமேல் இருட்டிலும் தெரியும். நெற்றியில் சிலருக்குத் திருநீறு, சிலருக்கு நாமம். மூன்று பூஜ்யத் தூரிகையில் நாலைந்து முடியை விட்டு மற்றதைக் கத்தரித்துவிட்டு, ஒரே இழுப்பில் போட வேண்டும். மூன்றடியில் யாருக்கும் தெரியாது. அதையும் போடுகிறோம். உத்தரவுப்படி மழிக்காத தாடிகளுக்கு எந்தக் கறுப்பு என்று தம்பிக்கும் எனக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. அவன் நீலம் கலந்த கறுப்பு என்கிறான், நான் பழுப்பு கலந்தது என்கிறேன். இரண்டையும் ஆளுக்கு ஒரு மாதிரியில் தீட்டி ஜன்னலோரம் காயவைத்திருக்கிறோம்.